கடை மோசமா, நாம் கேட்டது தப்பா? சிங்கப்பூரில் வெளியில் சாப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அந்தக் கடை முன்ன மாதிரி இல்லைங்க” என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. என்ன வாங்கினீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேட்பேன். பாதிப் புகார் அங்கேயே அவிழ்ந்துவிடும். தோசைக்குப் பெயர்போன கடையில் கோபி மஞ்சூரியன் வாங்கியிருப்பார். இல்லையென்றால் இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மாலை நாலரைக்குப் போய், ஆறிப்போன கூட்டைத் திட்டிக்கொண்டிருப்பார்.

லிட்டில் இந்தியாவில் பல உணவகங்களின் பட்டியல் இட்லியில் தொடங்கி பனீர் டிக்கா, சில்லி சிக்கன், நாசி கோரெங் என்று பக்கம் பக்கமாக ஓடும். அத்தனையும் ஒரே தரத்தில் வரும் என்று நம்புவதுதான் முதல் தவறு. உட்கார்ந்ததும் பட்டியலைப் பிரிக்காதீர்கள், பக்கத்து மேசைகளைப் பாருங்கள். எல்லார் இலையிலும் எது இருக்கிறதோ, அதைத்தான் அந்தச் சமையல்கட்டு நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. சூடாக வரும், கைப்பக்குவமும் மாறாது.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் இன்னொரு சிக்கல். ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அழைத்துப்போய் மீன் தலைக் கறி வாங்கிக் கொடுத்தால், “நம்ம ஊர்க் குழம்பு மாதிரி இல்லையே” என்பார்கள். இருக்காதுதான்! இது இங்கே பிறந்த கறி. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் 1949-ல், மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்துச் செய்தது என்பார்கள். வெண்டைக்காய், கத்தரிக்காய், சில கடைகளில் அன்னாசிகூட மிதக்கும். மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸும் அப்படித்தான். சென்னையில் தேடினால் கிடைக்காது, நம் ஆட்கள் இந்த மண்ணில் உருவாக்கியது. அதை மதுரைக் கணக்கில் அளந்தால் சமையல்காரர் என்ன செய்வார்? அளவிலும் ஏமாற வேண்டாம்: மீன் தலைக் கறியில் ‘சின்னது’ என்பதே இரண்டு மூன்று பேருக்குத் தாராளமாகப் போதும். பெரியதை வாங்கிவிட்டு விலையைப் பற்றிப் புலம்புவது நியாயமில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். உணவங்காடியில் இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டால் சைவம் என்று எடுத்துக்கொள்கிறோம். கோழிச் சோற்றில் கோழியை ஒதுக்கிவிட்டாலும் அந்த அரிசியே கோழிக் கொழுப்பிலும் கோழி வெந்த நீரிலும் சமைத்தது. சம்பால் கங்கோங்கில் கீரைதானே என்றால், சம்பாலில் பெலாச்சான் இருக்கும். அது இறால் விழுது. சீன ரோஜாக்கில் பழமும் காயும் பார்க்க அழகாக இருக்கும், மேலே ஊற்றுகிற கறுப்புக் குழம்பிலும் இறால்தான். லக்சா என்கிற தேங்காய்ப்பால் நூடுல்ஸில் காய்ந்த இறாலை அரைத்தே சேர்ப்பார்கள். ‘கேரட் கேக்’ என்று பலகையில் எழுதியிருப்பது வெள்ளை முள்ளங்கி. முட்டையும் பெரும்பாலும் மீன் சாஸும் சேரும். “சைவமா?” என்று கேட்டால் அவசரத்தில் தலையாட்டிவிடுவார்கள். “இறால் இருக்கா, முட்டை இருக்கா, மீன் சாஸ் இருக்கா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சீனச் சைவக் கடை பாதுகாப்பானது, ஆனால் அங்கும் சிலவற்றில் முட்டை உண்டு. பல கடைகளில் வெங்காயமும் பூண்டும் சேர்க்க மாட்டார்கள், அதனால் ‘சப்பென்று இருக்கு’ என்று குறை சொல்லிப் பயனில்லை.

ஹலால் பார்க்கிறவர்களுக்கும் இதே கதை. ‘பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்று கடைக்காரர் தானாக எழுதி ஒட்டுவதும் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தருகிற சான்றிதழும் ஒன்றல்ல. சந்தேகம் இருந்தால் சான்றிதழைத் தேடுங்கள்.

அடுத்தது பில். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் தனி. பலர் 19 என்று கூட்டிக்கொள்கிறார்கள். வரி, சேவைக் கட்டணத்தின் மீதும் விழுகிறது, அதனால் 19.9. நால்வர் 80 வெள்ளிக்குச் சாப்பிட்டால் முதலில் 88, பிறகு 95 வெள்ளி 92 காசு. சேவைக் கட்டணம் அரசாங்கத்துக்குப் போவதில்லை, கடைக்குத்தான். அது வாங்கியபின் டிப்ஸ் வைக்கக் கட்டாயமும் இல்லை. சில சிறிய கடைகளில் வரியே இருக்காது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் வரிக்குப் பதிவு கட்டாயம். சீன உணவகங்களில் உட்கார்ந்ததுமே வருகிற வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் காசு. வேண்டாமென்றால் தொடாமல், அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நண்டு, இறால், பெரிய மீன் வாங்கும்போது பட்டியலில் விலை இல்லாமல் ‘பருவ விலை’ என்றிருந்தால், அடுப்பில் ஏறுமுன் எடையையும் மொத்தத் தொகையையும் கேட்டுவிடுங்கள். 2009-ல் நியூட்டன் உணவங்காடியில் சுற்றுப்பயணிகளிடம் 8 இறாலுக்கு 239 வெள்ளி வாங்கிய செய்தி இந்த ஊரையே கொதிக்கவைத்தது. கேட்பதில் வெட்கம் வேண்டாம், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

இணைய விமர்சனங்களை நம்புவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். ஐந்து நட்சத்திரம் போட்டு, சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல், பரிமாறியவரின் பெயரை மட்டும் புகழ்ந்து வரிசையாகப் பத்துப் பேர் எழுதியிருந்தால், இனிப்போ பானமோ இலவசமாகக் கிடைத்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம் வரும். மூன்று நட்சத்திரக்காரர்களைப் படியுங்கள். அவர்களுக்குத்தான் சொல்ல விஷயம் இருக்கும். சுவரில் மிச்லின் உணவக வழிகாட்டியின் ஒட்டுவில்லை இருந்தால் அதில் உள்ள ஆண்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் அந்தப் பட்டியல் 2016 முதல் வருகிறது. பழைய ஆண்டு மட்டும் தெரிந்தால் இப்போது பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

கூட்டம் நிரம்பி வழியும் ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போய்ச் சேவை மெதுவாக இருக்கிறது என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் அப்படித்தான்.

உணவங்காடியில் சாப்பிட்டு முடித்தால் தட்டை நீங்களே எடுத்துவைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் அது சட்டம்; முதல் முறை எச்சரிக்கை, அடுத்து 300 வெள்ளி அபராதம். உணவகத்தில் அந்த வேலை இல்லை, ஆனால் வாய் திறக்கிற வேலை உண்டு. சாம்பாரில் உப்புக் கூடியிருந்தால் இரண்டாவது கவளத்திலேயே சொல்லுங்கள், பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். இலையைக் காலி செய்து, பில்லும் கட்டி, வீட்டுக்கு வந்து படுக்கையில் சாய்ந்தபடி ஒரு நட்சத்திரம் போட்டால் சாம்பார் யாருக்கும் சரியாகாது.