திறக்காத டிவிடி டிரைவ்: கும்பகோணத்திலிருந்து ஒரு குறிப்பு

பட்டனை அழுத்தினால் உள்ளே மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, தட்டு மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் தட்டை நகர்த்தும் பெல்ட்தான் காரணம். சத்தமே இல்லையென்றால் முதலில் பவர் ஒயரைப் பாருங்கள்.

கணினியை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். தட்டைத் திறக்க உள்ளே ஒரு கம்பியை விடப்போகிறோம், டிஸ்க் சுழலும்போது விட்டால் டிஸ்க் கெடும். டிரைவின் முகப்பில் ஊசித்துளை ஒன்று இருக்கும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, சாய்க்காமல் நேராக விட்டு, தடுக்கும் இடத்தில் அழுத்துங்கள். தட்டு சற்றே வெளியே வரும். மீதியை விரலால் மெதுவாக இழுக்கலாம். குண்டூசி வேண்டாம், நீளம் போதாது.

தட்டை முழுக்க இழுத்ததும் பல மாடல்களில் முன்பக்கம், தட்டுக்கு அடியில் சின்ன ரப்பர் பெல்ட் தெரியும். நம் டெல்டா வெயிலிலும் அறுவடைத் தூசியிலும் அது தளர்ந்து வழுவழுப்பாகிவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பெல்ட்டையும் இரண்டு கப்பிகளையும் துடையுங்கள். பெல்ட்டைக் கொதித்த நீரில் சில நிமிடம் போட்டால் கொஞ்சம் இறுகும். ஆனால் அது தற்காலிகம்தான்.

டிஸ்க் இல்லாமல் மூடினால்தான் அதிகம் சிக்கும், கவனித்திருக்கிறீர்களா? மேலே டிஸ்க்கைப் பிடிக்கும் காந்தம், இடையில் எதுவும் இல்லாததால் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தளர்ந்த பெல்ட்டால் அதைப் பிரிக்க முடியாது. புது பெல்ட் வரும்வரை வேண்டாத டிஸ்க் ஒன்றைப் போட்டே மூடுங்கள்.

புதிது வாங்க, பழையதை ரேடியோ மெக்கானிக் கடைக்குக் கையோடு கொண்டுபோய், அதைவிடச் சற்றுச் சிறியதாகக் கேளுங்கள். மளிகைக்கடை ரப்பர் பேண்டைப் போடாதீர்கள். சித்திரை வெயிலில் இளகிக் கப்பியில் ஒட்டிக்கொள்ளும்.