ஜனவரி மாசத்துல ஒரு காலேஜ் பாஸ்கெட்பால் டீமை எப்படி எடை போடுறது

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் ஃபாலோ பண்றவங்களுக்கு ஜனவரி ஒரு வில்லங்கமான மாசம். நவம்பர்ல சின்னச் சின்ன டீமையெல்லாம் சொந்த ஊருக்கு வரவழைச்சு அடிச்சு ரெக்கார்ட் ஜொலிக்கும், கான்ஃபரன்ஸ் மேட்ச் (தன்னோட லீக் டீம்கள்கூட ஆடுறது) ஆரம்பிச்சதும் வரிசையா தோப்பாங்க, உடனே "இந்த டீம் அவ்ளோதான், கோச்சை மாத்துங்க"ன்னு ஒரு கூட்டம், "அதெல்லாம் சரியாயிடும் விடுப்பா"ன்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பேரையும் காரணம் கேட்டுப் பாருங்க, பதில் வராது. எம்எஸ் படிக்கப் போன இடத்துல இந்த கேம்ல மாட்டிக்கிட்டவங்களா இருந்தாலும் சரி, இங்கருந்தே காலைல 5:30க்கு எந்திரிச்சு ஸ்ட்ரீம்ல பாக்குறவங்களா இருந்தாலும் சரி, பாதி சீசன்ல உங்க டீம் எங்க நிக்குதுன்னு நீங்களே கணக்குப் போட்டுரலாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் ரெண்டு மேட்சை முழுசா உக்காந்து பாக்குற பொறுமையும் இருந்தா போதும்.

உதாரணத்துக்கு 2022-23 யூகானை எடுத்துக்குறேன், கனெக்டிகட் யூனிவர்சிட்டியோட ஆண்கள் டீம். கதை முடிஞ்சு போனதால போட்ட கணக்கு சரியா தப்பான்னு செக் பண்ண வசதியா இருக்கும். கோச் டான் ஹர்லி. சீசன் ஆரம்பிக்கும்போது டாப் 25 லிஸ்ட்ல பேரே இல்ல, ஆனா 14-0ன்னு (14 வெற்றி, தோல்வியே இல்ல) போனாங்க, நவம்பர்ல போர்ட்லண்ட்ல நடந்த டோர்னமென்ட்ல அலபாமாவை 82-67, அயோவா ஸ்டேட்டை 71-53ன்னு போட்டுத் தள்ளுனாங்க. அப்புறம் 2022 டிசம்பர் 31ல சேவியர்கிட்ட 83-73 தோல்வி, அந்த மேட்சையும் சேத்து எண்ணுனா 8 மேட்ச்ல 6 தோல்வி. ஜனவரி 25 ராத்திரி ரெக்கார்ட் 16-6. அன்னைக்கு நீங்க உக்காந்து இந்த டீமை எடை போடணும்னு வச்சுக்குங்க, எங்கருந்து ஆரம்பிப்பீங்க?

முதல்ல தோல்விகளை வரிசையா எழுதுங்க, ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல மூணு விஷயம்: எங்க ஆடுனாங்க, யார்கூட, எத்தன பாயின்ட்ல. சேவியர், பிராவிடன்ஸ், மார்கெட், சீட்டன் ஹால், இந்த நாலும் அடுத்தவன் ஊர். சொந்த ஊர்ல தோத்தது செயின்ட் ஜான்ஸ்கிட்டயும் ரெண்டாவது தடவை சேவியர்கிட்டயும். மார்கெட்ல 82-76, சீட்டன் ஹால்ல 67-66, ரெண்டாவது சேவியர் மேட்ச் 82-79, ஆக பாதி தோல்வி ஆறு பாயின்ட் இல்ல அதுக்கும் கம்மி. சீட்டன் ஹால் மேட்சுக்கு ஹர்லியே கிடையாது, கோவிட் வந்து வீட்ல இருந்தாரு, இதையெல்லாம் ஸ்கோர் மட்டும் பாத்தா தெரியாது. காலேஜ்ல சொந்த ஊர்னா கிட்டத்தட்ட மூணு பாயின்ட் சும்மாவே கிடைக்கும்னு வச்சுக்கலாம், ஸ்டூடண்ட்ஸ் போடுற கூச்சல், பழகுன ரிங், பயணக் களைப்பு இல்லாதது எல்லாம் சேந்து. யூகான் ஆடுற கான்ஃபரன்ஸான பிக் ஈஸ்ட்ல அப்போ 11 டீம், ஒவ்வொருத்தர்கூடயும் ஊருக்கு ஒன்னா ரெண்டு தடவை, மொத்தம் 20 மேட்ச். கஷ்டமான ஊருக்கெல்லாம் முன்னாடியே போயிட்டு வந்துட்டாங்கன்னா பாக்கி பாதி லேசா இருக்கும், அத ரெக்கார்ட் சொல்லாது, ஷெட்யூல் சொல்லும். இந்த ஆறு தோல்வியில மோசம்னு நான் நெனைக்கிறது செயின்ட் ஜான்ஸ்கிட்ட ஹார்ட்ஃபோர்ட்ல 85-74 வாங்குனது ஒன்னுதான்.

அடுத்தது நம்பர். ஒரு மேட்சுக்கு 80 பாயின்ட் அடிக்கிறாங்க, 70 குடுக்குறாங்கங்கிற கணக்கைத் தூக்கிப் போடுங்க, வேகமா ஆடுற டீமுக்கு எல்லாமே பெருசாத்தான் இருக்கும். 100 பொசஷனுக்கு, அதாவது 100 தடவை பந்து கையில வந்தா, எத்தன பாயின்ட்னு பாக்கணும். பொசஷன் எண்ண ஒரு ஃபார்முலா இருக்கு: அடிச்ச மொத்த ஷாட் (ஃப்ரீ த்ரோ சேராது), அதுல ஆஃபென்சிவ் ரீபவுண்டைக் (தன் டீம் விட்ட ஷாட்டைத் தானே திரும்பப் பிடிக்கிறது) கழிச்சு, டர்னோவரைக் (ஷாட் போடாமலே பந்தைப் பறிகொடுக்கிறது) கூட்டி, ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ எண்ணிக்கைய 0.475ஆல பெருக்கிக் கூட்டணும். சும்மா ஒரு கணக்கு: 60 ஷாட், 10 ஆஃபென்சிவ் ரீபவுண்ட், 12 டர்னோவர், 20 ஃப்ரீ த்ரோன்னா 60-10+12+9.5, அதாவது 71.5 பொசஷன். அதுல 72 பாயின்ட் அடிச்சிருந்தா 100க்கு 100.7 வருது, காலேஜ் பாஸ்கெட்பாலோட மேல்மட்டமான டிவிஷன் 1ல இது சுமார் ரகம். கென் பாமராய் நடத்துற கென்பாம் ரேங்கிங் இதையேதான் எதிர் டீமோட பலத்துக்கு ஏத்த மாதிரி திருத்திக் குடுக்குது, கையால போட சோம்பலா இருந்தா நேரா அங்க போயிடுங்க. யூகான் அந்த 8 மேட்ச்ல அடி வாங்குனப்பவும் கென்பாம்ல பெருசா கீழ இறங்கல, எனக்கு அப்பவே அது ஒரு முக்கியமான க்ளூ.

பலம் பலவீனம்னு பிரிக்கணும்னா பாஸ்கெட்பால் புள்ளிவிவர நிபுணர் டீன் ஆலிவர் சொன்ன நாலு விஷயம்தான். ஷூட்டிங், டர்னோவர், ஆஃபென்சிவ் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ லைனுக்கு எத்தன தடவை போறாங்க. இதே நாலையும் எதிர் டீமுக்கும் பாக்கணும், ஆக எட்டு நம்பர். ஷூட்டிங்ல வெறும் பர்சென்டேஜ் எடுக்காதீங்க, உள்ள போன ஷாட்டோட போன த்ரீல (கோட்டுக்கு வெளிய இருந்து போடுற மூணு பாயின்ட் ஷாட்) பாதியக் கூட்டி மொத்த ஷாட்டால வகுங்க: 60ல 25 போச்சு, அதுல 8 த்ரீன்னா 25+4, 29ஐ 60ஆல வகுத்தா 48.3 சதவீதம். நாலுலயும் ஷூட்டிங்குக்குத்தான் வெயிட் ஜாஸ்தி, ஆலிவர் அதுக்கு 40 சதவீதம் குடுத்தாரு, டர்னோவருக்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15.

யூகானோட எட்டு நம்பரைப் பாத்தீங்கன்னா சித்திரம் தெளிவா வரும். ஆஃபென்சிவ் ரீபவுண்ட்ல நாட்டுலயே முன்னணி டீம்கள்ல ஒன்னு, மாலில இருந்து வந்த அடாமா சனோகோ கூடைக்கு அடியில நின்னா தள்ள முடியாது, அவர் பெஞ்சுக்குப் போனா 7 அடி 2 இன்ச் ஃப்ரெஷ்மன் (முதல் வருஷப் பையன்) டானவன் க்ளிங்கன் வருவாரு, எதிர் டீமுக்கு மூச்சு விட நேரமே இல்ல. பலவீனம் ரெண்டு: டர்னோவர், தேவையில்லாத ஃபவுல். காலேஜ்ல ஒரு ஹாஃப்ல ஒரு டீமோட ஃபவுல் 7 ஆனாலே எதிர் டீமுக்கு போனஸ் (ஒரு ஃப்ரீ த்ரோ, அது விழுந்தா இன்னொன்னு), 10 ஆனா ரெண்டு ஃப்ரீ த்ரோ கன்ஃபர்ம், அதுபோக ஆளுக்கு 5 ஃபவுல்ல அவுட், என்பிஏ மாதிரி 6 கிடையாது, அதனால ஃபவுல் பழக்கம் ஒரு டீமை ரெண்டு பக்கமும் கடிக்கும். ஆனா பாருங்க, இந்த ரெண்டும் பழக்கத்துல வர்ற கோளாறு, கோச் திட்டி பயிற்சி குடுத்துக் குறைக்கலாம். உயரம் பத்தல, ஷூட்டரே இல்லங்கிறது ஜனவரில திருத்தவே முடியாத கோளாறு. பலவீனத்தை எழுதும்போது பக்கத்துலயே "இது இந்த சீசன்ல மாறுமா மாறாதா"ன்னு ஒரு கட்டம் போட்டுருங்க, மொத்த வேலையில பாதி அதுலதான் இருக்கு.

இப்ப அதிர்ஷ்டத்தைக் கழிக்கணும், இதுலதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. எதிர் டீம் உங்க மேல த்ரீ அடிக்கிற பர்சென்டேஜ் பெரும்பாலும் உங்க கையில இல்ல, எத்தன த்ரீ அடிக்க விடுறோம்ங்கிறதுதான் உங்க கையில இருக்கு. எதிர் டீம் ஃப்ரீ த்ரோ பர்சென்டேஜ் சுத்தமா உங்க கையில இல்ல. அதேபோல ஜனவரி நடுவுல ஒரு பையன் 60 த்ரீ அடிச்சு 25 போட்டிருப்பான், 41.7 சதவீதம், ஆகா பெரிய ஷூட்டர்னு எழுதுவாங்க, அதுல நாலே நாலு ரிங்ல பட்டு வெளிய வந்திருந்தா 35தான். அந்தப் பையன் நெஜமாவே ஷூட்டரான்னு தெரியணும்னா அவனோட ஃப்ரீ த்ரோவப் பாருங்க, போன வருஷ நம்பரப் பாருங்க. ஒன்னு ரெண்டு பாயின்ட் மேட்ச்ல தொடர்ந்து ஜெயிக்கிற டீமுக்கு "கடைசி நேர கெத்து"ன்னு பட்டம் குடுக்குறதுக்கு முன்னாடியும் இதே சந்தேகம் வேணும், அந்தக் கெத்து பிப்ரவரில காணாமப் போறத நிறையப் பாத்தாச்சு.

நம்பரோட நிறுத்திட்டா பாதிதான். ஒரு தோல்வி, ஒரு வெற்றி, ரெண்டு மேட்சை முழுசாப் பாருங்க, பந்து மேல கண்ணு வைக்காம. நான் சொல்றது எதிர் டீம் டிஃபென்ஸ் யாரை விட்டுட்டு நிக்குதுன்னு. யூகான்ல ஆண்ட்ரே ஜாக்சன்னு ஒருத்தர், பாஸ், டிஃபென்ஸ், ஓட்டம் எல்லாத்துலயும் கில்லாடி, த்ரீ மட்டும் விழாது. ஜனவரில எதிர் டீமெல்லாம் அவரைத் திறந்து விட்டுட்டு, அவரைத் தடுக்க வேண்டிய ஆளை சனோகோ பக்கம் நிறுத்துனாங்க, உள்ள இடமே இல்லாம போச்சு. 14-0ல இருந்தப்ப தெரியாத ஓட்டை இது, ஒரு டீம் கண்டுபிடிச்சா அடுத்த டீம் ஃபிலிம் பாத்து அதையே செய்யும். ஹர்லி என்ன பண்ணாருன்னா ஜாக்சனை மூலையில சும்மா நிறுத்தாம பந்தைக் கையில குடுத்து, ஸ்க்ரீன் (டிஃபெண்டருக்குக் குறுக்க நின்னு வழி மறிக்கிறது) போட வச்சு, ஜோர்டன் ஹாக்கின்ஸ் மாதிரி ஷூட்டருக்கு வழி பண்ணிவிடுற ஆளா மாத்துனாரு. டிஃபெண்டர் தள்ளி நிக்கிறான்னா ஸ்க்ரீனைத் தாண்டி வர்ற ஷூட்டரைத் தடுக்க ஆளே இருக்காது, அவங்க தந்திரம் அவங்களுக்கே ஆப்பு. இந்த மாதிரி மாத்தம் உங்க டீம்ல நடக்குதான்னு தேடுங்க, அதே செட்டையே திரும்பத் திரும்ப ஓட்டி அதே இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிற டீம்னா கவலைப்படலாம்.

ஆட்கள் பட்டியலையும் ஒரு தடவை பாத்துருங்க, ரொம்ப நேரம் வேணாம். யார் புதுசு, யார் ட்ரான்ஸ்ஃபர், யாருக்குக் காயம். யூகான்ல ட்ரிஸ்டன் நியூட்டன் ஈஸ்ட் கரோலைனால இருந்து, ஜோயி கால்கடெரா சான் டியாகோ யூனிவர்சிட்டில இருந்து, நஹீம் அலெய்ன் வர்ஜினியா டெக்ல இருந்து வந்தவங்க, புது கார்டுங்க (பந்தைக் கொண்டு வர்ற ஆட்கள்) கையில பந்து இருக்கிற டீம் ஜனவரில டர்னோவர் விடுறதுல ஆச்சரியம் இல்ல, நாளாக நாளாகக் குறையவும் வாய்ப்பு ஜாஸ்தி.

இதுக்கு நேர் எதிர் கேஸும் அதே சீசன்லயே இருக்கு. பர்டூ 22-1ன்னு போயிட்டிருந்தாங்க, 7 அடி 4 இன்ச் ஸாக் ஈடி, யாராலயும் நிறுத்த முடியல. ஆனா நம்பரை நோண்டுனா அப்பவே ரெண்டு விஷயம் உறுத்தும்: த்ரீ சரியா விழல, சீசன் முழுக்க 32 சதவீதம்தான், பந்தைக் கொண்டு வர்ற ரெண்டு கார்டும் ஃப்ரெஷ்மன். அப்புறம் பிப்ரவரில 6 மேட்ச்ல 4 தோல்வி, மார்ச்ல நடக்குற தேசிய டோர்னமென்டுக்கு 1 சீடா (சீட்னா அங்க குடுக்குற தர வரிசை, 1 உச்சம், 16 கடைசி) போய் 16 சீட் ஃபேர்லி டிக்கின்சன்கிட்ட 63-58 தோல்வி, அந்த மேட்ச்ல த்ரீ 26க்கு 5. அவ்ளோ பெரிய தோல்விய ஜனவரிலயே யாரும் சொல்லிருக்க முடியாது, ஆனா எந்த இடத்துல ஒடைவாங்கன்னு சொல்லிருக்கலாம். அதனால உங்க டீம் ஜெயிச்சுக்கிட்டே இருந்தாலும் இந்த வேலையச் செய்யுங்க, இன்னும் சொல்லப்போனா அப்பதான் ரொம்ப அவசியம்.

கடைசியா அவுட்லுக். இங்க எல்லாரும் பண்ற ஒரு காமெடி, பாக்கி ஷெட்யூலை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு மேட்சுக்கும் ஜெயிப்போம், தோப்போம்னு டிக் போடுறது. அப்படிப் போட்டா கணக்கு எப்பவும் நம்ம டீம் பக்கமே சாயும். அதுக்கு பதிலா ஒவ்வொன்னுக்கும் சதவீதம் போட்டுக் கூட்டுங்க. பாக்கி 10 மேட்ச், அதுல 75 சதவீத மேட்ச் நாலுன்னா 3, 45 சதவீத மேட்ச் நாலுன்னா 1.8, 25 சதவீத மேட்ச் ரெண்டுன்னா 0.5, மொத்தம் 5.3, அதாவது 5 இல்ல 6 வெற்றி, நாலானாலும் ஏழானாலும் வானம் இடிஞ்சு விழாது. டிக் போட்டவர் அதே லிஸ்டுக்கு "75ல நாலும் நமக்கு, 45லயும் ரெண்டு மூணு வந்துரும்"னு 7 எழுதிட்டு மார்ச்ல ரெஃப்ரீயத் திட்டிக்கிட்டு இருப்பாரு.

அந்த சீசன்ல மொத்தம் 68 டீம் மார்ச் டோர்னமென்டுக்குப் போச்சு. கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் ஜெயிச்சா நேரா உள்ள, இல்லன்னா கமிட்டி தேர்ந்தெடுக்கணும், அவங்க பாக்குற முக்கியமான தாள் நெட் ரேங்கிங் (டீம்களுக்கு என்சிஏஏ போடுற தர வரிசை) வச்சுப் போடுற நாலு குவாட், அதாவது மேட்ச் எவ்ளோ கஷ்டம்னு பிரிக்கிற நாலு பிரிவு, குவாட் 1தான் ரொம்பக் கஷ்டம். குவாட் 1 வெற்றின்னா சொந்த ஊர்ல முதல் 30 ரேங்க் டீம், பொது இடத்துல முதல் 50, அடுத்தவன் ஊர்ல முதல் 75. கவனிங்க, 70வது ரேங்க் டீமை அவங்க ஊர்ல போய் அடிச்சா குவாட் 1, அதே டீமை நம்ம ஊர்ல அடிச்சா குவாட் 2. பாக்கி ஷெட்யூல்ல குவாட் 1 மேட்ச் எத்தன, தோத்தா அசிங்கமாகுற குவாட் 3, 4 மேட்ச் எத்தனன்னு தனியா எண்ணி வைங்க. ஓரத்துல நிக்கிற டீமுக்கு இந்த எண்ணிக்கைதான் தலையெழுத்து, சீசனுக்கு முன்னாடி நம்பர் 1ன்னு சொன்ன நார்த் கரோலைனாவே அந்த வருஷம் 20-13ல முடிச்சு உள்ள போக முடியல, 1985ல டோர்னமென்ட் 64 டீமா ஆனதுக்கப்புறம் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

யூகானுக்கு ஜனவரி 25ல இதையெல்லாம் போட்டுப் பாத்தா என்ன எழுதிருப்பீங்க? கஷ்டமான ஊர்ல பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு, ரீபவுண்டும் உயரமும் எங்கயும் போகாது, டர்னோவரும் ஃபவுலும் குறைய வழி இருக்கு, ஜாக்சன் பிரச்சனைக்கு பதில் கிடைக்குதான்னு பாக்கணும். அதுக்கப்புறம் ரெகுலர் சீசன்ல 9ல 8 ஜெயிச்சாங்க, விட்டது க்ரெய்டன்ல 56-53 ஒன்னு மட்டும். மார்ச்ல 4 சீட், ஆறு மேட்சும் இரட்டை இலக்க வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, ஹூஸ்டன்ல நடந்த ஃபைனல்ல சான் டியாகோ ஸ்டேட்டை 76-59. சாம்பியன் ஆவாங்கன்னு ஜனவரில எழுதிருந்தா அது ஆசை, "முதல் பத்துல இருக்க வேண்டிய டீம், கெட்ட மூணு வாரம்"னு எழுதிருந்தா அது கணக்கு. நீங்க எழுதுறதுக்கு மேல தேதி போட்டு, எது மாறுனா உங்க கருத்து மாறும்னு ஒரு வரியும் சேத்து வைங்க, பிப்ரவரி நடுவுல அதே எட்டு நம்பரை கான்ஃபரன்ஸ் மேட்ச் மட்டும் எடுத்து மறுபடி போடுங்க, நவம்பர்ல குட்டி டீமை அடிச்ச கொழுப்பெல்லாம் அப்பதான் கழியும்.