சின்னப் பொய் சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி

பொய்யே பேசக்கூடாதுன்னு சொல்ல வரல. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல பொறந்து வளந்து மீன் ஏலம் போடுற எடத்துலயே பாதி வயசு போச்சு, நாலு பேரு கூட பொழங்குற எடத்துல அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். ஆனா எது சின்னப் பொய், எது சின்னதா தெரியுற பெரிய பொய்னு பிரிச்சுப் பாக்கணும்ல, அதுக்கு நான் வச்சிருக்க வழி இதுதான்: நான் சொல்றத நம்பி எதிர்ல நிக்கிறவங்க அடுத்து என்ன செய்வாங்க?

மதினி வச்ச கொழம்புல புளி தூக்கலா இருக்கு. "நல்லாருக்கு மதினி"ன்னு சாப்ட்டு எந்திரிங்க, ஒண்ணும் கெட்டுப்போகாது, வெயில்ல அடுப்படில நின்னவங்களுக்கு அந்த வார்த்தை வேணும். அதே மதினி "சந்தியாகப்பர் திருவிழாவுக்கு நாப்பது பேருக்கு இதே மாதிரி வைக்கப்போறேன்"னு சொல்றப்ப பேசாம இருந்துறாதீங்க. "புளிய மட்டும் கொஞ்சம் கொறைங்க மதினி"ன்னு அப்பவே சொல்லிருங்க.

வியாபாரத்துல இன்னும் கவனமா இருக்கணும். நேத்து மீன "இப்பத்தான் எறங்குச்சு"ன்னு விக்கிறது சாதாரணப் பேச்சு மாதிரி ஆயிருச்சு. சூரை, அயிலை மாதிரி மீனெல்லாம் சரியா ஐஸ் போடாம கெடந்தா ஹிஸ்டமின்னு ஒரு நஞ்சு உண்டாகும், அது எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது, தின்னவங்களுக்கு மொகம் செவந்து தலவலி வாந்தின்னு வரும். வாங்குனவங்க அந்த வார்த்தைய நம்பித்தான் புள்ளைக்கு ஊட்டுறாங்க. "நேத்து மீனுக்கா, ஐஸ்லயே இருந்துச்சு, வெல கொறச்சுத் தாரேன்"னு சொல்லிப் பாருங்க, அந்தக்கா அடுத்த வாரமும் உங்ககிட்டதான் வரும்.

மீன்பிடித் தடைக்காலத்துல வர்ற பொய் வேற மாதிரி. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, கையில காசு இருக்காது, கடன் குடுத்தவரு கேட்டா "அடுத்த வாரம் கண்டிப்பா அண்ணே"ன்னு வாய் தானா சொல்லிரும். ஆனா அவரு அத நம்பி இன்னொருத்தருக்கு வாக்கு குடுத்திருப்பாரு. "இப்ப இல்லண்ணே, தடை முடிஞ்சு மீன்பாடு எப்படின்னு பாத்துட்டு நானே வந்து தேதி சொல்றேன்"னு சொல்லிட்டு, அதே மாதிரி நீங்களே போய் நில்லுங்க. அவரு தேடி வர்ற மாதிரி வச்சுக்காதீங்க.

எனக்கு ரொம்ப வலிச்சது புள்ளைங்ககிட்ட சொல்ற பொய்தான். கடல் எல்லை தாண்டிட்டாங்கன்னு எங்க சொந்தத்துல ஒருத்தர இலங்கைக்குப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க, அவரு மக "அப்பா எப்ப வருவாரு"ன்னு கேட்டப்ப நான் "நாளைக்கு வந்துருவாருடா"ன்னு சொல்லிட்டேன், அழாம இருக்கணும்னுதான் சொன்னேன், அது மறுநாள் சாயங்காலம் கரைக்குப் போய் உக்காந்துருச்சு, அதுக்கு மறுநாளும் போச்சு. என் பொய்ய நம்பி அந்தப் புள்ள செஞ்சது அது. அப்புறம் அவங்கம்மாவும் நானும் சேந்து உக்காந்து சொன்னோம், அப்பா இலங்கையில இருக்காரு, நல்லாருக்காரு, எப்ப வருவாருன்னு எங்களுக்கே தெரியல, தெரிஞ்சதும் மொதல்ல உனக்குத்தான் சொல்லுவோம்னு. அழுதுச்சு. ஆனா கரைக்குப் போறத நிறுத்திருச்சு.

பொய்மையும் வாய்மை இடத்தன்னு வள்ளுவரே சொல்லிட்டாருன்னு சிலபேரு 292வது குறள பாதியில நிறுத்திருவாங்க. "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்"னு அடுத்து வருது, குத்தமில்லாத நன்மை வந்தாத்தான்னு அர்த்தம். அந்த நன்மை யாருக்குன்னு பாருங்க. அன்னைக்கு அந்தப் புள்ள அழுறத பாக்க முடியாத எனக்குத்தான் அது நன்மையா இருந்துச்சு.

ஏற்கனவே சொல்லிட்டீங்கன்னா அன்னைக்கே திருத்திருங்க. போன்ல வேணாம், நேர்ல போங்க. "நான் சொன்னது சரியில்ல, உண்மை இதுதான்"னு ரெண்டே வரி, ஏன் சொன்னேன்னு நீட்ட வேணாம். அவங்க கோவப்பட்டா கேட்டுக்கிட்டு நில்லுங்க, உடனே கெளம்பிறாதீங்க.