வேப்பந்தடியின் எடையைத் தூக்காமலே கணக்குப் போடுவது எப்படி?

உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிய நாலு வேப்பந்தடிகளை மதுரை ரம்ப மில்லுக்குக் கொண்டுவர ஒரு குட்டி யானை பேசியிருந்தேன். வியாபாரி சொன்ன கன அடியை வைத்து 700 கிலோ என்று கணக்கு. மூன்றாவது தடி ஏறியதுமே வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. டிரைவர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டு நடையாக அடித்தோம்.

நான் சறுக்கியது இரண்டு இடத்தில்: அளவிலும் ஈரத்திலும். கணக்கை முதலிலிருந்து போடுவோம்.

முதலில் அளவு. பட்டையை உரித்து, தடியின் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். மரக்கடையில் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார்கள். 4 அடி சுற்று, 8 அடி நீளம் என்றால் 1×1×8, அதாவது 8 கன அடி. அறுக்கும்போது கழியும் மரத்தை விட்டுவிட்டுப் போடும் கணக்கு இது. விலை பேசச் சரி. வண்டியில் கழிவும் சேர்ந்துதானே ஏறுகிறது? அதனால் 1.27 ஆல் பெருக்குங்கள்: 10.2 கன அடி.

அடுத்து மரத்தின் சொந்த எடை. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் வேம்பு கன அடிக்குச் சுமார் 19 கிலோ, தேக்கு 16. வைரம் பாய்ந்ததா இளசா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

மூன்றாவது, ஈரம். தடியின் முனை சீக்கிரம் காய்ந்துவிடும், அங்கே வெட்டினால் ஏமாறுவீர்கள். ஓரடி உள்ளே தள்ளி ஒரு வில்லை அறுத்து உடனே சமையல் தராசில் நிறுங்கள். 800 கிராம் என்று வையுங்கள். கேக் சுடும் அவனில் 103 டிகிரியில், எடை குறைவது நிற்கும்வரை காயவிடுங்கள். 500 கிராமில் நின்றால், போன தண்ணீர் 300. அதைக் காய்ந்த எடையால்தான் வகுக்க வேண்டும்: 60 சதவீதம். (இப்படி வகுப்பதால் இலவு போன்ற லேசான பச்சை மரத்தில் 100-ஐயும் தாண்டும். தராசைத் திட்டாதீர்கள்.)

இனி 10.2 × 19 × 1.6 (காய்ந்த மரம் 1, அதோடு ஈரம் 0.6). ஒரு தடி 310 கிலோ! நாலும் சேர்ந்தால் ஒன்றேகால் டன்.

அறுத்த பலகையை நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்குங்கள். ஈரம் 30 சதவீதத்துக்கு இறங்கும்வரை எடைதான் குறையும், அகலம் அசையாது. சுருக்கம் அதற்குக் கீழேதான். வாரம் ஒருமுறை ஒரே பலகையை நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை அசையாமல் நின்ற பிறகு ஆசாரியைக் கூப்பிடலாம். ஐப்பசி மழையில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.