தாழ்நிலத் தொட்டிகளில் தக்காளியும் மரிக்கொழுந்தும்

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் நான்கைந்து தொட்டிகளுக்கு மட்டுமே இடம் இருக்கும்போது எதை வளர்க்கலாம் என்று கேட்டால், சமையலில் கண்ணாக இருப்பவர்கள் தக்காளி என்பார்கள். பூசையிலும் பூச்சரத்திலும் ஆசை உள்ளவர்கள் மரிக்கொழுந்து என்பார்கள். இரண்டையும் வளர்க்கலாம். ஆனால் ஒரே மண், ஒரே உரம், ஒரே அளவு தண்ணீர் என்று இரண்டையும் ஒன்றாக நடத்தினால் அவற்றில் ஒன்று கெட்டுப்போகும். கெடுவது பெரும்பாலும் மரிக்கொழுந்தாகவே இருக்கும். தக்காளி பசித்த செடி, மரிக்கொழுந்து சிக்கனமான செடி என்பதே வேறுபாடுகளுக்கெல்லாம் அடிப்படை.

மரிக்கொழுந்து என்று எண்ணி இணையக் கடைகளில் ‘சதர்ன்வுட்’ என்ற பெயரில் விதையோ பதியனோ வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது மரிக்கொழுந்தைப் போலவே ஆர்ட்டிமீசியா என்னும் தாவரப் பேரினத்தைச் சேர்ந்தது. ஆனால் தென் ஐரோப்பாவுக்கு உரியது, அடித்தண்டு மரம்போல முற்றி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வளர்ந்து பல ஆண்டுகள் நிற்கும் புதர். ஐரோப்பியர்கள் அதன் கிளைகளை உலர்த்தி, அந்துப்பூச்சியை விரட்டத் துணி அலமாரியில் வைப்பது பழைய வழக்கம். குளிர்காலத்துக்குப் பழகிய அந்தப் புதர் நம் தாழ்நிலத்து ஈரப் புழுக்கத்தில் வேரழுகித் திணறும். குளிர்ந்த மலைப்பகுதியான கேமரன் மலையில் வீடிருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். மரிக்கொழுந்தோ தென்னிந்தியாவில் பயிராகும் ஓராண்டுச் செடி. ஏறத்தாழ நான்கு மாதங்களில் வேலை முடிந்துவிடும் என்பதால், மழை குறைந்த பருவத்தைப் பார்த்து அதை வளர்த்து எடுத்துவிட முடிகிறது.

தக்காளிக்கு இங்கே வெயிலைவிடப் பெரிய இடையூறு இரவுதான். பூ காயாக மாறுவதற்கு இரவு வெப்பநிலை 15 முதல் 21 டிகிரி செல்சியசுக்குள் இருப்பது நல்லது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அது 24 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. செடி தளதளவென்று வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்து, பிறகு பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடுவதற்கு முதன்மையான காரணம் இதுவே. நாட்டின் தக்காளியில் பெரும்பகுதி கேமரன் மலையிலிருந்து வருவதும் இதனால்தான். எனவே பெரிய பழம் தரும் மேலைநாட்டு வகைகளைத் தவிர்த்து, வெப்பத்தை ஓரளவு தாங்கும் செர்ரி தக்காளியையோ, தாழ்நிலத்துக்கென மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி வெளியிட்ட எம்டி1 போன்ற வகையையோ தேர்ந்தெடுக்க வேண்டும். உயரமான மாடிகளுக்குத் தேனீக்கள் அரிதாகவே வரும். காற்றும் இல்லாத நாள்களில், காலை ஒன்பது மணிக்கு மேல் மகரந்தம் உலர்ந்திருக்கும் நேரத்தில் பூங்கொத்தின் காம்பை விரலால் நான்கு முறை மெல்லத் தட்டிவிட்டால் காய் பிடிப்பது கூடும்.

தக்காளிக்குக் குறைந்தது 15 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியோ பாலிபேக்கோ வேண்டும். தோட்டமண், தேங்காய் நார்த்தூள், மக்கிய ஆட்டுப் புழுக்கை ஆகியவற்றைச் சம அளவில் கலந்து ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூளும் சேர்த்தால் போதும். நம் மண் புளிப்புத்தன்மை மிகுந்தது என்பதால் டோலமைட்டைத் தவிர்க்கக் கூடாது. நாற்றை நடும்போது கீழிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதியை மண்ணுக்குள் புதைத்தால், புதைந்த பகுதியிலிருந்தும் வேர்விடும். பூ தொடங்கும்வரை எருவே போதும். பிறகு சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தர வேண்டும். தழைச்சத்தை (நைட்ரஜனை) அள்ளிக் கொடுத்தால் இலைதான் மிஞ்சும். தண்ணீரை ஒருநாள் வெள்ளமாகவும் இரண்டு நாள் வறட்சியாகவும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், செடிக்குள் சுண்ணச்சத்து சீராக ஏறாமல் காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கும். அது பூச்சியோ நோயோ அல்ல என்பதால் மருந்து அடிப்பது வீண்செலவு.

உண்மையான நோய் என்றால் அது பாக்டீரியா வாடல். காலையில் பச்சையாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமலேயே, மாலைக்குள் வெந்த கீரைபோலத் தொங்கிவிடும். ஐயத்தைத் தீர்க்க, அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டுவாய் நீருக்குள் இருக்கும்படி அசையாமல் பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் நிறத்தில் மெல்லிய இழை கீழ்நோக்கி இறங்கினால் வாடல் நோய் உறுதி. இதற்கு மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் கட்டி எறிந்துவிட்டுத் தொட்டியைக் குளோரின் கலந்த நீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். கத்தரி வேர்ச்செடியின்மேல் ஒட்டுக் கட்டிய தக்காளி நாற்று கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம். கத்தரியின் வேர் இந்த நோயை நன்றாகத் தாங்குகிறது.

மரிக்கொழுந்துக்கு இத்தனை பாடு இல்லை, ஆனால் மழை ஆகாது. அதன் விதை தூசுபோலச் சிறியது. நேரடியாகத் தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். ஒரு சிட்டிகை விதையை நாலைந்து மடங்கு நுண்மணலோடு கலந்து, அகன்ற தட்டில் ஈரமாக்கி வைத்த கலவையின்மேல் பரவலாகத் தூவி, மேலே மண் மூடாமல் உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட வேண்டும். குவளையால் நீர் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும், தெளிப்பானே சரி. முளைகள் நூலிழைபோல இருக்கும் முதல் சில வாரங்களில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். விரல் நீளம் வளர்ந்த பிறகு, 20 செண்டிமீட்டர் தொட்டிக்கு நான்கைந்து நாற்று என்று மாற்றி நடலாம். மண்ணில் பாதி மணலும் கரித்த உமியுமாக இருக்கட்டும். எருவை மிகச் சிறிதளவே சேர்க்க வேண்டும். கொழுத்த மண்ணில் வளர்ந்தால் இலை பெருத்து மணம் மெலியும். மேல்மண் உலர்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த நீர்.

பருவத்தைப் பொறுத்தவரை பினாங்குவாசிகள் கொடுத்து வைத்தவர்கள். அங்கே செப்டம்பர், அக்டோபரில் கொட்டும் மழை அடங்கி ஜனவரி, பிப்ரவரியில் நன்கு வறண்டிருக்கும். நவம்பர் தொடக்கத்தில் கூரைக்கடியில் விதைத்தால் சிவராத்திரி வாக்கில் கொழுந்து கைக்கு வரும். கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை உச்சத்தைத் தொடுவதால், ஏப்ரல் இறுதியில் கூரைக்கடியில் விதைத்து ஜூன், ஜூலையின் குறைந்த மழையில் வளர்த்தெடுப்பதே பொருத்தம். வெப்பம் மிகுந்தால் செடி குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். அதைத் தவிர்க்க, காலை வெயில் முழுதும் விழுந்து பிற்பகலில் நிழல் கிடைக்கும் கிழக்குப் பக்கத்தை மரிக்கொழுந்துக்கு ஒதுக்கிவிட்டு, தக்காளிக்கு அதிக நேரம் வெயில் விழும் மூலையைக் கொடுக்கலாம்.

எந்தச் செடியானாலும் தொட்டிக்கடியில் தட்டு வைத்து நீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுப் புழுவைச் சுகாதார அதிகாரிகள் கண்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி அபராதம் விதிப்பார்கள். அதைவிடவும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கி வந்தால் நம் தக்காளி யாருக்கும் இனிக்காது.

பயனைப் பேசினால், தக்காளிக்கு விளக்கம் தேவையில்லை: ரசம், மீன் குழம்பு, சம்பால், தொக்கு என்று நாள்தோறும் கைபடுவது அது. எண்ணெயில் வதக்கும்போது அதன் செந்நிறச் சத்தான லைகோப்பீனை உடல் எளிதாக ஏற்கிறது. 30 டிகிரிக்கு மேல் அந்தச் செந்நிறம் சரியாக உருவாகாமல் பழம் வெளிர் ஆரஞ்சாக நின்றுவிடுவதால், காயின் நுனியில் இளஞ்சிவப்பு தட்டியதுமே பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்க விடுவது நல்லது. பறவைக்கும் அணிலுக்கும் தப்பும். ஆனால் பசாரில் மலிவாகக் கிடைக்கும் ஒரு பொருளுக்கு இத்தனை மெனக்கெடுவது பெரும்பாலும் மனநிறைவுக்காகவே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மரிக்கொழுந்து அப்படியல்ல, பிரிக்பீல்ட்சிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் உள்ள பூக்கடைகளில் மல்லிகை கிடைப்பதுபோல அது எல்லா நாளும் கிடைப்பதில்லை. இடம் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் என்றால் என் தேர்வு மரிக்கொழுந்தே.

அதன் பயன் முழுக்க மணத்தில் இருக்கிறது. கதம்பத்தில் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் இடையே இரண்டு கொழுந்து வைத்தால் போதும். சிவன் பூசைக்கும் அது உகந்தது. கண்ணுக்குப் படாத அளவு சிறிய மஞ்சள் பூக்கள் விரியும் தருணத்தில்தான் மணம் உச்சத்தில் இருக்கும் என்பதால் அப்போது தண்டோடு கொய்ய வேண்டும். உலர்த்துவதற்கு நேர் வெயில் ஆகாது. சிறு கட்டுகளாகக் கட்டி, வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டு, தண்டு ஒடிக்கும்போது ‘படக்’கென்று முறியும் வரை விட்டு, மெல்லிய துணிப்பையில் இட்டுப் பட்டுச்சேலைகளுக்கு நடுவே வைக்கலாம். அரைகுறையாகக் காய்ந்ததை அலமாரியில் வைத்தால் சேலையில் பூஞ்சை ஏறும். மரிக்கொழுந்தையோ சதர்ன்வுட்டையோ கசாயம் வைத்துக் குடிக்கும் எண்ணம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும்.

அறுவடைக்குப் பிறகு நோயின்றி முடிந்த தக்காளி மண்ணில் மீண்டும் தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காமல், வெண்டையோ கீரையோ போடுங்கள். மரிக்கொழுந்தில் இரண்டு தண்டுகளைக் கொய்யாமல் விட்டு விதை முற்றியதும் காகிதத்தின்மேல் தட்டி எடுத்து, நன்கு உலர்த்தி, காற்றுப்புகாத புட்டியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அடுத்த பருவத்துக்கு உதவும்.