பற்றீரியாவால் ஈயத்தை அகற்றப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

கையுறை போடாதது, குடுவையில் பெயர் எழுத மறந்தது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் தண்ணீரில் உள்ள ஈயம், குரோமியம் போன்ற பார உலோகங்களைப் பற்றீரியாவால் அகற்றும் ஆய்வுக்கு வன்னியில் வரும் பிள்ளைகள், எங்கள் காலத்தில் நடந்த அதே பிழைகளை வருடாவருடம் திரும்பவும் விடுகிறார்கள்.

பற்றீரியா இல்லாத குடுவை வைக்காதது

எனக்கு இன்னும் கோபம் வருவது இதற்குத்தான். ஒரு மாணவன் சந்தோஷமாக வந்து, "சேர், ஈயம் கிட்டத்தட்ட முழுக்கப் போயிட்டுது" என்றான். பற்றீரியா போடாத குடுவையில் எவ்வளவு போனது என்று கேட்டேன். அப்படியொரு குடுவையே அவன் வைத்திருக்கவில்லை. சரி வா என்று, அவன் பாவித்த அதே வளர்ப்பூடகத்தை (பற்றீரியா வளர்க்கும் போசணைக் கரைசலை) பற்றீரியாக் கலம் எதுவும் இல்லாமல் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஈய நைத்திரேற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். பால் கலந்ததுபோல் வெளுத்து, கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளைப்பொடி நின்றது.

ஊடகத்தில் இருந்த பொசுபேற்றே ஈயத்தைப் படியவைத்துவிட்டது. மையநீக்கியில் (வேகமாகச் சுழற்றிப் பாரமானதை அடியில் சேர்க்கும் கருவியில்) சுற்றினால் அந்தப் படிவும் கலங்களோடு கீழே போய்விடும், மேலே உள்ள தெளிந்த நீரை அளந்தால் ஈயம் இருக்காது, எல்லாம் பற்றீரியாவின் வேலை என்று எழுதிவிடுவோம். மாதிரிக்கு இவ்வளவு என்று காசு கட்டி மாதக்கணக்கில் அளந்ததெல்லாம் வீண். தொடங்கும்போதே ஒருவர் சொல்லியிருந்தால் போதும், யாரும் சொல்லவில்லை!

நம் தண்ணீரில் இது இன்னும் மோசம். வவுனியாப் பக்கம் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் கேத்தலின் அடியைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளைக் கல்லாகப் பெயரும். அது கல்சியம் காபனேற்று. அதே தண்ணீர் ஈயத்தையும் காபனேற்றாகப் படியவைக்கும். போதாததற்குக் கல்சியமும் மக்னீசியமும் கலச்சுவரில் ஈயம் ஒட்டவேண்டிய இடங்களைப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த முடிவைக் கிணற்றுக்கு அப்படியே சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் மூன்று குடுவை வேண்டும்: உயிருள்ள கலம், கொன்ற கலம், கலமே இல்லாதது. கலங்களை வளர்த்து, நன்றாகக் கழுவி, பொசுபேற்று இல்லாத கரைசலுக்கு மாற்றி, பிஎச்சை (அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணை) 5 அளவில் வைத்து, அப்புறம் ஈயத்தைச் சேருங்கள். கொன்ற கலமும் அதே அளவு ஈயத்தைப் பிடித்தால், பெரும்பாலும் ஈயம் வெறுமனே கலச்சுவரில் ஒட்டுகிறது.

99 வீதத்தில் மயங்குவது

லீற்றருக்கு 100 மில்லிகிராம் ஈயத்தில் தொடங்கி 99 வீதம் அகற்றினாலும் 1 மில்லிகிராம் மிஞ்சும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 0.01 மில்லிகிராம். இன்னும் 100 மடங்கு அதிகம்.

குரோமியத்தில் மஞ்சள் போனதும் நிறுத்துவது

மஞ்சளாக இருந்த ஆறு வலுவளவுக் குரோமியம் மூன்று வலுவளவு என்ற வேறு வடிவத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்; குரோமியம் போய்விட்டதாக ஆகாது. மொத்தக் குரோமியத்தையும் அளவிடுங்கள்.

அமிலம் விடாமல் மாதிரியை வைப்பது

மாதிரியை வடிகட்டியதும் நைத்திரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2க்குக் கீழே இறக்குங்கள். இல்லையென்றால் ஈயம் போத்தல் சுவரில் ஒட்டிவிடும்.

கழிவைக் காணியில் ஊற்றுவது

எண்ணெயைப் பற்றீரியா சிதைத்துவிடும். ஈயம் ஒரு மூலகம், அதை எந்த உயிராலும் சிதைக்க முடியாது; தண்ணீரில் இருந்தது இப்போது சேற்றில் இருக்கிறது. மெல்லிய அமிலம் பட்டாலே திரும்பவும் கரைந்து வந்துவிடும். அந்தச் சேற்றை மூடியுள்ள கொள்கலனில் போட்டு, பெயர் ஒட்டி, நச்சுக்கழிவாக ஒப்படைக்கும்வரை பூட்டி வையுங்கள். மாரிமழையில் வாய்க்காலோடு குளத்துக்கு ஓடும் நிலத்தில் ஒரு கரண்டிகூடக் கொட்டாதீர்கள்.