ராஜபாளையம் குட்டி வாங்கும் முன் காது கேட்கிறதா என்று பாருங்கள்

ராஜபாளையம் நாய்க்குட்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன், அதைத் தனியாக ஓர் அறையில் விட்டு, அசந்து தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஒரு தடவை குலுக்குங்கள். காது ஆடினாலோ தலை திரும்பினாலோ சரி. இரண்டு மூன்று தடவை குலுக்கியும் அசைவே இல்லை என்றால் யோசிக்க வேண்டும்.

முழு வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று நாம் ஆசைப்பட்டுத் தேடும் அதே அடையாளத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்பு செல்கள் அழிந்துவிடும். வெள்ளை உடம்பில் புள்ளிகள் உள்ள டால்மேஷன் நாயிலும் இதே கதைதான். கூட்டத்தோடு இருக்கும்போது செவிட்டுக் குட்டியும் மற்றவை ஓடுவதைப் பார்த்துக் கூடவே ஓடும், அதனால்தான் தனியாக விடச் சொல்கிறேன். கைதட்டவும் வேண்டாம், தரையில் காலைத் தட்டவும் வேண்டாம்; காற்றும் அதிர்வும் செவிட்டுக் குட்டியைக்கூட எழுப்பிவிடும்.

ஐந்து வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு இதை நம்ப முடியாது. காதுத் துளை திறப்பதே இரண்டு வாரத்துக்குப் பிறகுதான். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியும் இதில் தேறிவிடும். அதற்குக் கால்நடை மருத்துவரின் கருவிப் பரிசோதனைதான் வழி. செவலை நிறக் கோம்பை நாய்க்கும் கறுப்புக் கன்னி நாய்க்கும் இந்தச் சந்தேகம் அவ்வளவாகத் தேவையில்லை.